பூட்டெல்லாம் போன பாலத்தில் இனி என்ன இருக்கிறது?

காவிரிக்கரை மீனா:
2012-ல் தேனிலவுக்குப் பாரிஸ் போனபோது, லூவர் அருங்காட்சியகத்துக்கு எதிரே இருக்கிற போன் தேசார் நடைபாலத்தில் பெயர் எழுதி ஒரு பூட்டு மாட்டினோம். சாவியை அவர்தான் சேன் நதியில் வீசினார். போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனால், பூட்டும் இல்லை, அது தொங்கிய கம்பி வலையும் இல்லை. கண்ணாடித் தடுப்பு வைத்திருக்கிறார்கள். ஏர்போர்ட் லவுஞ்ச் மாதிரி இருக்கிறது. இருநூறு வருடப் பாலத்தை இப்படியா மொட்டையடிப்பது?

சிமெண்ட் சித்தன்:
மேடம், கோபிக்காதீர்கள். நீங்கள் நின்றது இருநூறு வருடப் பாலமே இல்லை. நெப்போலியன் காலத்தில், 1804-ல் முடிந்த அசல் பாலம்தான் பாரிஸின் முதல் இரும்புப் பாலம். அதற்கு ஒன்பது வளைவு. இரண்டு உலகப் போரிலும் குண்டுபட்டது, போதாததற்குப் படகுகள் வேறு வந்து வந்து மோதின. 1977-ல் மூடினார்கள். 1979-ல் ஒரு சரக்குப் படகு இடித்து அறுபது மீட்டர் சரிந்தது. இப்போது இருப்பது 1984-ல் திறந்தது, ஏழே வளைவு. என்னைவிட வயதில் சின்னது.

பூட்டுச் சமாச்சாரமும் புதுசுதான். 2006-ல் வந்த ஒரு இத்தாலிய நாவலைப் படித்துவிட்டு ரோமின் மில்வியோ பாலத்தில் மாட்டக் கிளம்பினார்கள். 2008 வாக்கில் அது பாரிஸுக்குத் தொற்றியது. 2015-ல் கழற்றியபோது ஏறக்குறைய பத்து லட்சம் பூட்டு, 45 டன். பாலத்தின் கைப்பிடி, சாய்ந்து நிற்கிற ஆளைத் தாங்கத்தான். அதில் ஒரு பாத்திரக்கடையையே தொங்கவிட்டால்? 2014 ஜூனில் ஒரு தடுப்பு பெயர்ந்து விழுந்தே விட்டது. கீழே படகில் சுற்றுலாக்காரர்கள் போகிற ஆறு அது.

காவிரிக்கரை மீனா:
ஏழு வருடமோ எழுநூறு வருடமோ, அதனால் என்ன சார்? கோயில் மரத்தில் தொட்டில் கட்டுகிற பெண்ணிடம் மரத்துக்கு வயதென்ன என்று யாராவது கேட்பார்களா?

சிமெண்ட் சித்தன்:
கேட்கமாட்டார்கள். ஆனால் மஞ்சள் துணித் தொட்டிலால் கிளை முறியாது. பித்தளைப் பூட்டு அப்படியா?

நடுநிசி:
எங்கள் வீட்டில் பூட்டு சைக்கிளுக்கு மட்டும்தான். பார்த்துக்கொண்டு போகிறேன், நடத்துங்கள்.

லாசப்பல்காரன்:
மீனா அக்கா, நான் முப்பது வருடமாகப் பாரிஸில் இருக்கிறேன். நாங்கள் வந்த புதிதில் அந்தப் பாலத்தில் பூட்டு ஒன்றும் கிடையாது. வெயில் காலத்துப் பின்னேரங்களில் சனம் பலகைத் தரையிலேயே துணி விரித்து, பாணும் சீஸும் வைன் போத்தலுமாக இருந்து கதைத்துக்கொண்டிருக்கும். கார் போகாத பாலம், அதுதான் அதன் வடிவு. பூட்டுக் கூடக்கூட வலை அடைத்துப் போய், இருந்தபடி ஆற்றைப் பார்க்க முடியாமல் போயிற்று. இப்போது கண்ணாடி வழியே தெரிகிறது. எனக்கு அது நட்டமாகப் படவில்லை.

காதலுக்குப் பாலம் வேண்டுமென்றால் அங்கே நின்றபடியே போன் நெஃப்பைப் பாருங்கள். பெயருக்கு 'புதுப் பாலம்', ஆனால் நகரத்தில் நிற்கிற பாலங்களில் மூத்தது அதுதான். 1578-ல் தொடங்கி 1607-ல் முடித்தார்கள். அந்தக் காலத்தில் பாரிஸ் பாலங்களில் இரண்டு பக்கமும் வீடுகளை நெருக்கிக் கட்டியிருப்பார்கள், நடுவில் நடப்பவனுக்கு ஆறு தெரியாது. நான்காம் ஹென்றி இதில் வீடு கட்ட விடவில்லை. ஆற்றுக்கு மேலே சும்மா நின்று வேடிக்கை பார்க்க ஊருக்கு ஓர் இடம் கிடைத்தது. தூண்களுக்கு மேலே அரைவட்டத் திண்ணை கூட உண்டு, இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். ராஜாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. வயது போனாலும் பெண்கள் பின்னால் திரிந்ததால் 'வேர் கலான்' என்று பட்டப்பெயர். பாலத்தடியில், தீவின் நுனியில் இருக்கிற சின்னப் பூங்காவுக்கும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழற்றிய பூட்டுகளில் ஒரு பகுதியை 2017-ல் ஏலம் விட்டார்கள். கிடைத்த இரண்டரை லட்சம் யூரோவை அகதிகளுக்கு உதவும் அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். நானும் இங்கே அகதியாக வந்து இறங்கியவன்தான். உங்கள் பூட்டு அந்த ஏலத்தில் போயிருந்தால் யாரோ ஒருவர் ஒருநாள் சூடாகச் சாப்பிட்டிருப்பார்.

காவிரிக்கரை மீனா:
தம்பி, இந்த ஏலச் செய்தி எனக்குத் தெரியாது. மனசு கொஞ்சம் ஆறியது. ஆனாலும் அந்தக் கண்ணாடி அசிங்கம்தான், அதில் சமாதானம் கிடையாது.

சிமெண்ட் சித்தன்:
கண்ணாடி விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. பழைய மாதிரி வெறும் வலையே போதும். ஆனால் வலை போட்டால் மறுநாளே பூட்டோடு வந்து நிற்பீர்கள்.

காவிரிக்கரை மீனா:
இந்தத் திரியை அவரிடம் காட்டினேன். பூட்டு வாங்கும்போது இரண்டு சாவி கொடுத்தார்களாம். ஆற்றில் போட்டது ஒன்றுதானாம். இன்னொன்று இத்தனை வருடமாக பீரோவில், எல்ஐசி பத்திரத்தோடு கவருக்குள் இருக்கிறது!

சிமெண்ட் சித்தன்:
சார் நம்ம இன்ஜினியரிங் ஆளா?

காவிரிக்கரை மீனா:
ஆடிட்டர்.