வேலை, இரண்டு குழந்தைகள், தனி ஆள்: செவிலியர் படிப்பில் சேரலாமா?

கேள்வி

எனக்கு வயது 34. ஏழு வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக நான் ஒருத்தியாகத்தான் அவர்களை வளர்த்துவருகிறேன். ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் முழுநேர வேலையில் இருக்கிறேன். என் தந்தை கடைசியாக மருத்துவமனையில் இருந்த நாற்பது நாட்களும் அவர் கட்டிலருகே அமர்ந்து செவிலியர்களின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததில், பள்ளி நாட்களில் கைவிட்ட ஆசை திரும்பிவிட்டது. (துக்கத்தில் எடுத்த முடிவு என்று நினைக்க வேண்டாம். இரண்டு ஆண்டுகள் கடந்தும் அது குறையவில்லை.)

பாடங்களைக் குறித்து எனக்கு அச்சமில்லை. குழந்தைகள் தூங்கிய பிறகு தினமும் இரண்டு மணி நேரம் படிக்க என்னால் முடியும். எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. வேலையை விட்டுவிட்டுச் சேமிப்பைக் கொண்டு முழுநேரமாகச் சேர்வது ஒன்று; வேலையில் இருந்தபடியே பகுதிநேரப் படிப்பில் சேர்ந்து கூடுதல் ஆண்டுகள் எடுத்துக்கொள்வது மற்றொன்று; பகலில் படித்துவிட்டு இரவில் வேலை பார்ப்பது மூன்றாவது. இந்தப் பாதையில் போனவர்கள், உங்கள் ஏற்பாட்டில் முதலில் உடைந்தது எது என்பதைச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

பதில் – வார்டு செவிலியர்

நான் படிப்பில் சேர்ந்தபோது என் மகனுக்கு ஐந்து வயது. எனக்கு முதலில் உடைந்தது காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம்தான்.

முதல் சில மாதங்கள் வகுப்பறையும் செய்முறைக் கூடமுமாகப் போயின. பொம்மையின் கையில் ஊசி போட்டுப் பழகுவதிலும் உடற்கூறியல் பாடத்தில் எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதிலும் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. பிறகு கிளினிக்கல் போஸ்டிங், அதாவது மருத்துவமனை வார்டில் நோயாளிகளிடையே பெறும் பயிற்சி, தொடங்கியது. காலை ஷிஃப்ட் ஏழு மணிக்கு ஆரம்பம். இரவு ஷிஃப்டில் இருந்தவர் நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும்போது நாமும் நின்று கேட்க வேண்டுமென்பதால், ஆறே முக்காலுக்குள் சீருடையுடன் வார்டில் இருந்தாக வேண்டும். குழந்தைகள் காப்பகம் திறப்பதோ எட்டு மணிக்கு. அந்த இரண்டு மணி நேரத்தை யார் பார்ப்பது என்பதை நான் சேர்வதற்கு முன்பு யோசித்திருக்கவே இல்லை, ஏனென்றால் 'படிப்பு' என்றதும் என் மனத்தில் புத்தகமும் மேசையும்தான் வந்தன.

ஆகவே மூன்று வழிகளில் எது என்று முடிவு செய்வதற்கு முன், ஒரு முழு வாரத்தை மணிவாரியாகத் தாளில் எழுதி, காலை, மாலை, இரவு என்று மூன்று ஷிஃப்டுகளிலும் உங்களை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் குழந்தைகளுடன் யார் இருப்பார் என்று ஒரு பெயரையும், அவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் என்று இரண்டாவது பெயரையும் எழுதுங்கள். இரண்டாவது பெயர் கிடைப்பதுதான் கடினம். என் பக்கத்து வீட்டம்மா ஒருவர் விடியற்காலையில் என் மகனைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார்; நான் விடுமுறை நாட்களில் அவருடைய தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வேன் என்பது எங்கள் ஒப்பந்தம். வெறும் தயவாக இருந்திருந்தால் இரண்டு மாதங்களில் எனக்கே கூச்சமாகியிருக்கும்.

இன்னொன்று, நோய். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அது நமக்கும் தொற்றும். நமக்குத் தொற்றினால், பொதுவாக அறிகுறிகள் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை வார்டுக்குள் போகக் கூடாது. ஆக, மகனின் ஒரு நாள் உபாதை எனக்கு நான்கு பயிற்சி நாட்களைத் தின்றது. பள்ளி செல்லும் வயதில் இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை ஆண்டுக்கு ஒரு முறை என்று கணக்கிடாதீர்கள்.

பதில் – செவிலியர் பயிற்றுநர்

மேலே சொல்லப்பட்டிருப்பதைச் சேர்க்கைக் கையேடுகளில் நாங்கள் போதுமான அளவு தெளிவாக எழுதுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அளவு புரிவதற்காக ஒன்றைச் சொல்கிறேன்: ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பொதுச் செவிலியர் படிப்பு குறைந்தது மூன்று ஆண்டுகளும் 4,600 மணி நேரமும் கொண்டது, அதில் குறைந்தது பாதி நோயாளிகளிடையே பெறும் பயிற்சியாக இருக்க வேண்டும். பாதி என்றால் 2,300 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்டாக வகுத்தால் ஏறத்தாழ 290 நாட்கள். பிற இடங்களில் எண்ணிக்கை மாறலாம், ஆனால் வார்டு நேரத்தை வீட்டிலிருந்து ஈடுசெய்ய முடியாது என்பது எங்கும் மாறாது. தவறவிட்ட பாடத்தைத் தோழியின் குறிப்பேட்டிலிருந்து படித்துக்கொள்ளலாம், தவறவிட்ட ஷிஃப்டைத் திரும்பச் செய்துதான் தீர வேண்டும்.

பகுதிநேரப் படிப்பைப் பற்றி எச்சரிக்க வேண்டியதும் இதுவே. பகுதிநேரம் என்ற சொல் பெரும்பாலும் வகுப்புகளுக்குத்தான் பொருந்துகிறது. போஸ்டிங் வாரங்கள் வரும்போது பல நிறுவனங்களில் முழு ஷிஃப்டாகவே செய்ய வேண்டியிருக்கும். எனவே சேர்வதற்கு முன் கல்வி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: ஷிஃப்ட் பட்டியல் எத்தனை வாரங்களுக்கு முன் கையில் கிடைக்கும், இரவுப் பணி எந்த ஆண்டில் தொடங்குகிறது, தவறிய நாட்களை எப்போது ஈடுசெய்ய விடுவார்கள், பயிற்சி மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதில் குழந்தை உள்ளவர்களின் கோரிக்கையைக் கேட்பார்களா. தயங்கித் தயங்கி நடுப்பருவத்தில் வந்து அழுகிற மாணவிக்கு என்னால் செய்ய முடிவதைவிட, முதல் வாரத்திலேயே நிலைமையைச் சொன்னவருக்கு அதிகம் செய்ய முடிந்திருக்கிறது.

இரவில் இரண்டு மணி நேரம் படிப்பேன் என்கிறீர்கள். களைப்பில் பக்கங்களைத் திரும்பத் திரும்ப வாசிப்பது படித்ததுபோன்ற உணர்வை மட்டும் தரும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டுத் தாமாக நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். எனவே இரண்டு மணி நேரத்தை நாற்பது நிமிடமாகக் குறைத்து, அதை முழுக்க நினைவுகூர்வதற்குச் செலவிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் மருந்தளவுக் கணக்கு உங்களுக்குக் கைவந்துவிடும். 1,000 மில்லி திரவம் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால், நிமிடத்துக்கு 42 சொட்டு. பலர் தடுக்கி விழும் இடம் இது.

பதில் – படிப்பை இடையில் நிறுத்தித் திரும்பி வந்தவர்

மூன்றாவது வழியைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆகவே நான் பேசுகிறேன். நான் தேர்ந்தெடுத்தது அதைத்தான். காகிதத்தில் அது மிக அழகாகப் பொருந்தும்: குழந்தை தூங்கும்போது வேலை, குழந்தை பள்ளியில் இருக்கும்போது படிப்பு. அந்த அட்டவணையில் நான் தூங்கும் நேரத்துக்கு மட்டும் கட்டம் இல்லை.

2000-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருந்தவர்கள் சில சோதனைகளில், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவர்களின் அளவுக்கோ அதைவிட மோசமாகவோ தடுமாறினார்கள். நான் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இரவு வேலை முடிந்து நேராக வார்டுக்குப் போன ஒரு காலையில், மருந்துச் சீட்டில் 10 என்றிருந்ததை 100 என்று வாசித்துச் சொன்னேன். என்னுடன் நின்ற மூத்த செவிலியர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னை ஓய்வறைக்கு அனுப்பினார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பருவத்தோடு படிப்பை நிறுத்தி, ஓராண்டு பணம் சேர்த்துவிட்டு, இரவு வேலை இல்லாமல் திரும்பி வந்து முடித்தேன்.

வேலையை அவசரப்பட்டு விடவும் வேண்டாம் என்பேன். தனியாகப் பதிவுசெய்து படிக்க முடிகிற அடிப்படை அறிவியல் பாடங்கள் ஏதேனும் இருந்தால், அவற்றை இப்போதைய வேலையில் இருந்தபடியே முடித்துவிடுங்கள். சேமிப்பைப் போஸ்டிங் மிகுதியாக வரும் ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம் முதல் ஆண்டில் தீர்ந்துபோய்க் கடைசி ஆண்டில் விலகியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் ஒருவரும் படிப்பில் பின்தங்கியவர் அல்ல.

பதில் – மகள்

என் அம்மா செவிலியர் படிப்பில் சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா வீட்டில் இல்லாதது எனக்குப் பழகிவிட்டது. பள்ளி விட்டு வெளியே வரும்போது இன்று யார் நிற்பார்கள் என்று தெரியாமல் வருவதுதான் பழகவில்லை. பிறகு அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வாரத்தின் பெயர்களைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டத் தொடங்கினார். உங்கள் மகளுக்கு ஏழு வயது என்றால் அவளே வாசித்துக்கொள்வாள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. வாரத்தை மணிவாரியாக எழுதிப் பார்த்தேன். காலை ஷிஃப்டுக்கு என் தங்கையின் பெயரை எழுத முடிந்தது, மாலை ஷிஃப்டுக்கும் அவள் பெயரையேதான் எழுத முடிந்தது, இரவுக்கு நேராக வெற்றிடம். இரண்டாவது பெயர் எங்குமே இல்லை.

பயிற்றுநர் சொன்ன கேள்விகளைக் கல்வி நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினேன். இரவுப் பணி இரண்டாம் ஆண்டின் பிற்பகுதியில்தான் தொடங்குகிறதாம். ஷிஃப்ட் பட்டியல் நான்கு வாரங்களுக்கு முன் கிடைக்குமாம். கோரிக்கையைக் கேட்பார்களா என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை, அதை நேரில் கேட்கப் போகிறேன். இந்தச் சேர்க்கையை விட்டுவிட்டு அடுத்த சேர்க்கையில் முழுநேரமாகச் சேர்வதாக முடிவு செய்திருக்கிறேன். அதற்குள் உடலியங்கியலையும் நுண்ணுயிரியலையும் படிக்கத் தொடங்கலாம். வார்டில் இரத்தத்தின் வழியே தொற்றக்கூடிய கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பிக்கான தடுப்பூசி மூன்று தவணையாக ஆறு மாதம் பிடிக்கும் என்பதால் முதல் ஊசியை நேற்றே போட்டுக்கொண்டேன்.

வார்டு செவிலியரிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பக்கத்து வீட்டம்மாவிடம் முதலில் எப்படிப் பேச்சை எடுத்தீர்கள்?