எங்கள் ஊர் அருங்காட்சியகங்கள்: போனவர்களின் அனுபவங்கள்

கோண்டாவிலில் இருந்து:

யாழ்ப்பாணம் வருகிறவர்கள் கோட்டை, நூலகம், நல்லூர் என்று சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். நாவற்குழியில் இறங்குவது குறைவு. சைவச் சொற்பொழிவாளர் ஆறு. திருமுருகன் அவர்களின் முயற்சியில் 2020 இல் அங்கே சிவபூமி அரும்பொருட் காட்சியகம் திறக்கப்பட்டது. வாசலில் தமிழ் மன்னர்களின் சிலைகள், உள்ளே நாங்கள் புழங்கிய பழைய சாமான்கள். அதே ஊரில்தான் திருவாசகம் முழுவதையும் கருங்கல்லில் பொறித்த திருவாசக அரண்மனையும் இருக்கிறது.

தனியாகப் போயிருந்தால் அரை மணித்தியாலத்தில் வெளியே வந்திருப்பேன். அம்மம்மாவோடு போனேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கடகம், சுளகு, நீத்துப்பெட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லிக்கொண்டே வந்தவர், மூக்கு வைத்த குடிக்கும் பாத்திரமான மூக்குப்பேணிக்கு முன்னால் நின்றுவிட்டார். "உதில வாய் வைக்கக் கூடாது பிள்ளை. அண்ணாந்துதான் குடிக்கவேணும்" என்று வெறுங்கையை உயர்த்தி, மணிக்கட்டைச் சரித்து, ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்துக் காட்டினார்! பக்கத்தில் நின்ற இரண்டு சின்னப் பிள்ளைகளும் உடனே அண்ணாந்தார்கள்.

பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "எல்லாருக்கும் உதில குடுக்கிறதில்லை. தோட்ட வேலைக்கு வாற ஆக்களுக்குச் சிரட்டையிலதான் தேத்தண்ணி. எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்" என்றார்.

பெயரட்டையில் எழுத இடம் இருப்பது ஒரு பெயருக்குத்தான். அந்தப் பேணியின் வடிவையும் பார்க்க வேண்டும், அது யாருக்கு நீட்டப்படவில்லை என்பதையும் கேட்க வேண்டும். இரண்டாவதைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது எங்கள் வீடுகளில் சாய்மனைக் கதிரையில் இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சுன்னாகத்தில் இருந்து:

தங்கச்சி எழுதியது முழுக்கச் சரி. நாவலர் வீதியில் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாவலர் மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்கி இருப்பதால் அந்த வீதியால் தினமும் போகிற எங்கள் ஆட்களுக்கே அது கண்ணில் படுவதில்லை. வாசலில் ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கிகளும் திமிங்கில எலும்புகளும். உள்ளே விக்டோரியா மகாராணியின் ஆளுயர ஓவியம், ஏழு வாய் வைத்த ஓர் இசைப்பானை. அந்தப் பானையை எப்படி வாசித்திருப்பார்கள் என்று நானும் மகனும் வீடு வரும்வரை கதைத்துக்கொண்டே வந்தோம்.

எனக்கு அங்கே நெருக்கமானவை பழைய பௌத்தச் சின்னங்கள் இருக்கும் கந்தரோடையில் கிடைத்த புத்தர் சிலைத் துண்டுகள்தான். 1917 இல் வரலாற்று ஆய்வாளர் போல் பீரிஸ் கந்தரோடையில் அகழத் தொடங்கினார். எங்கள் வீட்டில் இருந்து சைக்கிளில் போகிற தூரம். அப்படியிருந்தும் படிக்கிற காலத்தில் ஒருவரும் எங்களை அங்கே கூட்டிப்போகவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மகனைக் காட்சியகத்துக்கும் கந்தரோடைக்கும் ஒரே நாளில் கூட்டிப்போனேன். காலையில் பார்த்த கல்லின் ஊர் இதுதான் என்று அவனுக்குத் தானாகவே விளங்கியது.

ஒரு சித்திர ஆசிரியை:

நான் மாணவர்களைக் கூட்டிப்போகும்போது ஒரு பொருளை மட்டும் தெரிவு செய்யச் சொல்லுவேன். நிலத்தில் அமர்ந்து அதை வரைய வேண்டும், அவ்வளவுதான். வரைகிறபோதுதான் பேணியின் மூக்கு எந்த இடத்தில் வளைகிறது என்று கண்ணுக்குப் படும். கைபேசியில் படம் எடுத்துவிட்டு நகர்கிற பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது.

ஓவியம் என்று வந்தால் என் மனக்குறை வேறு. 1930களில் ஓவியர் எஸ்.ஆர். கனகசபை வின்சர் ஓவியக் கழகம் அமைத்து ஓவியம் வளர்த்த ஊர் இது. பிறகு மாற்கு மாஸ்டர் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தூரிகை பிடிக்கப் பழக்கினார். அவர்களுடைய ஓவியங்களைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது என் கையில் இருப்பது அச்சுப் படம் மட்டும். அச்சில் நிறம் தெரியும், சாயத்தின் தடிப்புத் தெரியாது. 1995 ஒக்ரோபரில் போருக்குப் பயந்து, யாழ்ப்பாண நகரமும் சேர்ந்த வலிகாமமே ஒரே இரவில் எழும்பிப் போனது. கையில் பிள்ளையும் பையும் இருந்தவர்கள் சட்டமிட்ட படத்தைத் தூக்கிக்கொண்டா நடந்திருப்பார்கள்?

எங்கள் ஊர் ஓவியர் தா. சனாதனன் கனடாவின் வான்கூவர் மானுடவியல் அருங்காட்சியகத்தில் ஒரு வேலை செய்தார். அங்கே குடியேறிய தமிழர்கள் 'வீடு' என்று நினைத்துக் கொடுத்த பொருட்களைக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்துக் காட்சிக்கு வைத்தார். அதைப் பற்றி வாசித்ததில் இருந்துதான் எனக்கு இந்த யோசனை வந்தது. வீட்டில் இருக்கிற ஒரு பழைய பொருளை வரைந்து, அதை யார் பாவித்தார்கள் என்று வீட்டிலேயே கேட்டு மூன்று வரி எழுதி வரச் சொன்னேன். சத்தகம், பாக்குவெட்டி, அரிக்கன் லாம்பு எல்லாம் வந்தன. ஒரு பையன் ஒரு திறப்பை, அதாவது வீட்டுச் சாவியை, வரைந்திருந்தான். 1990 இல் போரால் மயிலிட்டி ஊரை விட்டு வெளிக்கிடும்போது அவனுடைய அப்பப்பா பூட்டி எடுத்துக்கொண்டு வந்தது. வீடு இப்போது இல்லை. துருவைக் காட்ட அந்தப் பையன் செங்கல்லை உரசித் தூளாக்கித் தடவியிருந்தான். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தப் படங்களைப் பாடசாலை மண்டபத்தோடு விட மனமில்லை. காட்சியகம் ஒன்றில் ஒரு மாதத்துக்கு ஒரு சுவர் கிடைத்தால் போதும், சட்டம் போடுகிற செலவைப் பெற்றோர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே பழக்கமானவர்கள் யாராவது இருந்தால், யாரிடம் கடிதம் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். தவணை விடுமுறைக்கு முன்னர் கொடுத்துவிட வேண்டும்.