அழைப்பு வராத 1951 அணி

சான்பிரான்சிஸ்கோவில் இருந்த நாட்களில் தினமும் காலையில் கெசார் மைதானத்துக்கு நடக்கப் போவேன். ஒருநாள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், "முன்பு இங்கே ஏறக்குறைய 60,000 பேர் உட்காரும் அரங்கம் இருந்தது, 1989இல் இடித்துவிட்டார்கள்" என்று பேச்சைத் தொடங்கினார். சிறுவனாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பார்க்க வந்தது, சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் 1951 அணியை. நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து.

"ஒலி மேட்சன் இந்தப் பக்கமாகத்தான் ஓடுவார்" என்று எழுந்து நின்றே காட்டினார். அந்த ஒரு பருவத்தில் மேட்சன் பந்தோடு ஓடிக் கடந்தது 1,566 யார்டு. நாட்டிலேயே அதுதான் அதிகம். மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கியவரும் அவர்தான்.

ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. பெரியவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். ஒரு விரல் மடங்காமல் நின்றது. பருவ முடிவில் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் 'பௌல்' ஆட்டத்துக்கான விரல் அது. மேட்சனையும் பர்ல் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் இடம் உண்டு என்று தகவல் வந்ததாம். இருவரும் கறுப்பினத்தவர். அவர்கள் இல்லாமல் நாங்களும் இல்லை என்று மற்ற வீரர்கள் மறுத்துவிட்டார்கள். போயிருந்தால் நல்ல பணம் கிடைத்திருக்கும். நஷ்டத்தில் இருந்த அணியை, அந்தப் பருவத்தோடு பல்கலைக்கழகம் கலைத்தே விட்டது. இருபது சொச்சம் வயதுப் பிள்ளைகள்! இன்று எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

*

மேலே சொன்ன பர்ல் டோலரின் பெயரை நான் தினமும் பார்த்திருக்கிறேன். என் மகள் படித்த பள்ளி வளாகத்துக்கு அவர் பெயர்தான். நன்கொடை கொடுத்த செல்வந்தர் யாரோ என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு மாலையில், அங்கே வேலை பார்த்த ஒருவர்தான் விவரம் சொன்னார். 1952இல் முழங்காலில் பட்ட அடியோடு டோலரின் ஆட்டம் முடிந்துபோனது. ஆசிரியரானார், அதே வளாகத்தில் முன்பு இருந்த பள்ளியில் முதல்வராகவும் இருந்தார். 1965இல், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல். போட்டிகளில் நடுவராக இறங்கிய முதல் கறுப்பினத்தவரும் அவரே.

மறுநாள் காலை மகளை வாசலில் நிறுத்தி அந்தப் பெயரை வாசிக்கச் சொன்னேன். கதையைத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. மீதியை மாலையில் வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னேன்.