கிரேடு 3, 4 பிள்ளைகளுக்கு இதயம், சாப்பாடு, உடற்பயிற்சி: மூன்று பாடவேளையில் என்னென்ன செய்யலாம்?

மோக்கா_டீச்சர்:
வணக்கம். இங்கே மொரீஷியசில் தொடக்கப்பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். அடுத்த தவணையில் உடல்நல வாரம் வருகிறது. தமிழ் வகுப்பும் அதில் சேர வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். கிரேடு 3, 4 சேர்த்து 24 பிள்ளைகள், 40 நிமிடம் வீதம் மூன்று பாடவேளை. ஆய்வகம் கிடையாது, வகுப்பறையும் முற்றமும்தான். படம் வரைந்து பெயர் எழுதச் சொல்வதோடு முடிக்க மனமில்லை, கையால் செய்துபார்க்க ஏதாவது வேண்டும். இன்னொரு கவலையும் உண்டு. பாதிப் பிள்ளைகள் காலையில் டால்பூரி (இங்கே ஜோடியாக விற்கும் பருப்பு ரொட்டி) வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். "அது கெட்ட சாப்பாடு" என்று வீட்டில் போய்ச் சொல்லிச் சண்டை இழுத்துவிடக் கூடாது. எங்கிருந்து தொடங்கலாம்?

போபாசென்_பிடி_மாஸ்டர்:
நாடியில் தொடங்குங்கள் டீச்சர். செலவே இல்லை, ஆனால் நுணுக்கம் தெரியாமல் செய்தால் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும்.

மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே உள்ள பள்ளத்தில், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைக்க வேண்டும். கட்டைவிரலை வைக்கக் கூடாது. அதற்கே துடிப்பு உண்டு, பிள்ளை தன் விரலையே எண்ணிக்கொண்டிருக்கும். கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் அழுத்திப் பிடிப்பதுதான் காரணம், விரலை லேசாகத் தளர்த்தச் சொல்லுங்கள். அப்படியும் கிடைக்காதவர்களுக்குக் கழுத்து, குரல்வளைக்கு ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தக் கூடாது.

நம்பாத பிள்ளைக்கு ஒரு வழி: பட்டாணி அளவு களிமண்ணில் தலை கிள்ளிய தீக்குச்சியைக் குத்தி, துடிக்கும் இடத்தில் வைத்து, கையை மேசைமேல் அசையாமல் கிடத்துங்கள். குச்சி ஆடும். களிமண் கொஞ்சம் கூடினாலும் கனத்தில் ஆடாது.

எண்ணிக்கை 15 வினாடி போதும். நான்கால் பெருக்க வேண்டாம், கிரேடு 3-க்கு அது கணக்குப் பாடமாகிவிடும். 15 வினாடியில் முன்பு 22, ஓடியபின் 38 என்று அப்படியே அட்டவணையில் எழுதட்டும். பெருக்கல் உங்களுக்கு மட்டும்: 22 என்றால் நிமிடத்துக்கு 88. இந்த வயதில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 முதல் 110 வரை வரும், அதனால் "எனக்கு ஏன் கூட?" என்று பயப்படுகிறவரிடம் இது போட்டி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பயிற்சிக்குப் பிறகு எண்ணுவதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஓட்டம் நின்றதும் நாடி மளமளவென்று இறங்கும். வகுப்புக்குத் திரும்பி, உட்கார்ந்து, பேனா தேடி எண்ணினால் 26தான் கிடைக்கும். நின்ற இடத்திலேயே, நிறுத்திய 5 வினாடிக்குள் தொடங்க வேண்டும். இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் குதிக்க, மற்றவர் எழுதட்டும். நேரத்தை நீங்கள் மட்டும் பாருங்கள்.

பயிற்சிக்கு உங்கள் கையிலேயே கோலாட்டம், கும்மி இருக்கிறது. 3 நிமிடம் விடாமல் ஆடினால் போதும், தமிழில் எண்ணிக்கொண்டே ஆடலாம். வேகத்தை அளக்க மீட்டர் தேவையில்லை. பேச முடிகிறது, பாட மூச்சு இல்லை என்றால் நடுத்தர வேகம். நாலைந்து சொல்லுக்கு மேல் பேச முடியாவிட்டால் கடும் வேகம். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம், நடுத்தர வேகமும் அதற்கு மேலும், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே மூச்சில் வேண்டியதில்லை, இடைவேளையில் 15, மாலையில் 30 என்று சேரலாம்.

கயிறு தாண்ட வைத்தால் நீளம் பாருங்கள்: கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் இரு பிடியும் அக்குள் வரை வர வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவரும் கயிறு எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். பிள்ளை தடுக்கி விழுந்துவிட்டு "எனக்கு வராது" என்று ஒதுங்கிவிடும்.

வாக்வா_உணவியல்:
சாப்பாட்டுப் பாடத்துக்கு என் கட்சி இதுதான்: 8 வயதுப் பிள்ளை கடைக்குப் போய் எண்ணெய் வாங்குவதில்லை, சமைப்பதுமில்லை. அதன் கையில் இருக்கும் முடிவை மட்டும் கற்பியுங்கள். பாட்டிலில் என்ன நிரப்புவது, நூடுல்ஸ் பொடியை முழுதாகக் கொட்டுவதா பாதியா, இடைவேளையில் முதலில் பழமா சிப்ஸா. மற்றதெல்லாம் பெற்றோர் கூட்டத்துக்கு.

டால்பூரியைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பது பருப்பு. நார்ச்சத்தும் புரதமும் உண்டு. கேட்க வேண்டியது எத்தனை ஜோடி, மேலே எவ்வளவு எண்ணெய், கூட எவ்வளவு ஊறுகாய் என்பதுதான். அதே பருப்பை எண்ணெயில் பொரித்தால் காத்தோ பிமா என்ற மிளகாய் வடை. இரண்டையும் பக்கத்தில் வைத்து "என்ன வித்தியாசம்?" என்று கேட்டாலே பாடம் நடந்துவிடும்.

அதற்குப் பழுப்புக் காகிதச் சோதனை. மளிகைப் பையைக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பண்டத்தை 10 வினாடி தேய்த்துப் பெயர் எழுதுங்கள். 30 நிமிடம் உலரவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். தண்ணீர்க் கறை மறைந்துவிடும், எண்ணெய்க் கறை ஒளி ஊடுருவ நிற்கும். உடனே பார்த்தால் தக்காளியும் வாழைப்பழமும்கூடக் கொழுப்பு மாதிரித் தெரியும். ஆகவே பாடவேளையின் முதல் 5 நிமிடத்தில் தேய்த்துவிட்டு வேறு வேலைக்குப் போங்கள்.

வறுத்த வேர்க்கடலை வைத்தால் பெரிய கறை விழும், "கடலை கெட்டது" என்று பிள்ளைகள் தீர்ப்பெழுதிவிடுவார்கள். இந்தச் சோதனை கொழுப்பின் அளவைத்தான் காட்டும், வகையைக் காட்டாது. வகைக்கு இன்னொன்று: தேங்காய் எண்ணெய், நெய், சோயா எண்ணெய் மூன்றையும் சிறு கண்ணாடிக் குப்பிகளில் இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் கொண்டுபோங்கள். சோயா ஓடும், மற்ற இரண்டும் உறைந்து நிற்கும். உறையும் வகையைக் குறைவாக, ஓடும் வகையை அளவாக என்று சொன்னால் போதும். "இப்படித்தான் நெஞ்சில் உறைந்து அடைக்கும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உடம்புச் சூட்டில் இவை இப்படி உறைவதில்லை. அடைப்பு பல வருடங்களாக ரத்தக்குழாயின் சுவருக்குள் படிவது.

இதை ஊர்க் கதையாகவும் சொல்லலாம். நம் ரேஷன் எண்ணெய் முன்பு பெரும்பாலும் பாமாயில். 1987-ல் அரசு அதைச் சோயாவுக்கு மாற்றியது. 1992-ல் மறுபடி அளந்தபோது மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. எண்ணெய் மாற்றத்துக்கு அதில் கணிசமான பங்கு உண்டு. மாணவர்களின் தாத்தா பாட்டிக்கு அந்தப் பழைய எண்ணெய் நினைவிருக்கும்.

சர்க்கரைக்கு லேபிள் போதும். 100 மில்லிக்கு 10.6 கிராம் என்று போட்டிருந்தால் 330 மில்லி டின்னில் 35 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்றால் கிட்டத்தட்ட 9 கரண்டி. காலி டம்ளரில் ஒவ்வொரு கரண்டியாகப் போட்டு, வகுப்பே சத்தமாக எண்ணட்டும். ஐந்தாவது கரண்டியில் சிரிப்பு நின்றுவிடும். நிறுவனத்தின் பெயர் தெரியாமல் லேபிளை மட்டும் வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். பள்ளி கான்டீனில் குளிர்பானம் விற்கத் தடை இருக்கிறது, ஆனால் கேட்டுக்கு வெளியே இருக்கும் கடைக்கு யார் தடை போடுவது?

உப்பில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். பிரான்சிலிருந்து வரும் பாக்கெட்டில் உப்பு என்றே கிராமில் இருக்கும். தென்னாப்பிரிக்கப் பாக்கெட்டில் சோடியம், அதுவும் மில்லிகிராமில். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால்தான் உப்பு: 600 மில்லிகிராம் சோடியம் என்பது 1.5 கிராம் உப்பு. இதை அறியாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உப்புக் கூடியது குறைந்ததாகத் தெரியும். கணக்கை நீங்களே வீட்டில் போட்டு, முடிவை மட்டும் காட்டுங்கள். பெரியவர்களுக்கே நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள். பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு.

மோக்கா_டீச்சர்:
ரொம்ப நன்றி. வகுப்பில் ஒரு பையனுக்கு இதய அறுவை நடந்திருக்கிறது, இன்னும் இருவருக்கு ஆஸ்துமா. குதிக்கும் பாடத்தில் அவர்களை என்ன செய்வது? எல்லோருக்கும் எடை பார்க்கவும் சொல்கிறார்கள்.

காத்ரபோர்ன்_நர்ஸ்:
அந்தப் பையனுக்கு எது கூடும், எது கூடாது என்று அவன் மருத்துவரிடம் பெற்றோர் மூலமாக எழுதி வாங்குங்கள், ஊகிக்க வேண்டாம். பல பிள்ளைகளுக்கு அறுவைக்குப் பிறகு எல்லா விளையாட்டும் கூடும், பயத்தில் நாம்தான் உட்கார வைக்கிறோம். கடிதம் வரும்வரை ஸ்டாப்வாட்ச் அவன் கையில் இருக்கட்டும். ஆஸ்துமா பிள்ளைகளின் பம்ப் (இன்ஹேலர்) முற்றத்துக்கே வர வேண்டும், அலுவலக அலமாரியில் பூட்டியிருக்கக் கூடாது. 10 நிமிடம் மெதுவாகச் சூடேற்றிய பிறகே வேகம். ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே கோடை வெயில், அப்போது என்றால் காலையில் முதல் பாடவேளையிலேயே முடித்துவிடுங்கள். யாருக்காவது நெஞ்சு வலி, தலைசுற்றல், ஓடும்போது மயக்கம் என்றால் அன்றே நிறுத்தி வீட்டுக்குத் தெரிவியுங்கள்.

எடையை வகுப்பில் பார்க்கவே பார்க்காதீர்கள். தேவை என்றால் சுகாதாரப் பணியாளர் தனியறையில் பார்க்கட்டும், எண்ணை உரக்கச் சொல்லக் கூடாது. ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் உங்கள் மூன்று பாடவேளையும் வீண். கடலை வைக்குமுன் ஒவ்வாமையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே யாரும் சொல்லாத ஒன்று: இந்த வயதுப் பிள்ளையின் இதயத்தைக் கெடுப்பது கொழுப்பு மட்டுமில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை வலியைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைப் பழுதாக்கும். அதிகம் பாதிப்பது 5 முதல் 15 வயது. பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். மருந்து எழுதிக் கொடுத்தால் வலி போன மூன்றாம் நாளே நிறுத்தாமல் சொன்ன நாள்வரை முடிக்க வேண்டும். "காய்ச்சலோடு தொண்டை வலித்தால் அம்மாவிடம் சொல்" என்ற ஒரு வரியைப் பிள்ளைகள் தமிழில் எழுதி எடுத்துப் போகட்டும்.

போபாசென்_பிடி_மாஸ்டர்:
வால்வு என்றதும் ஒன்று. வன்பொருள் கடையில் தண்ணீர் மாற்றும் கைப்பம்ப் கிடைக்கும், நடுவில் அமுக்கும் குமிழோடு. புதிதாக வாங்குங்கள், மண்ணெண்ணெய் தொட்டது வேண்டாம். இரண்டு வாளி, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். அமுக்கினால் தண்ணீர் ஒரே பக்கம்தான் போகும்; ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டு வால்வுக்கு வாருங்கள். தண்ணீர் போய்ச் சேரும் வாளியை ஒரு நாற்காலிமேல் உயர்த்தி வையுங்கள். தாழ்வாக வைத்தால் ஒரு தடவை அமுக்கியதும் அது தானாக ஓட ஆரம்பித்துவிடும், இதயம் வேலையே செய்யாமல் ரத்தம் ஓடுகிறது என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

பம்ப் கிடைக்கவில்லை என்றால் 70 மில்லி கோப்பை. பெரியவர் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுவது ஏறக்குறைய அவ்வளவு, நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர். வாளியிலிருந்து வாளிக்கு ஒரு நிமிடத்தில் 70 கோப்பை மாற்றச் சொல்லுங்கள், கை சோர்ந்துவிடும். சிமெண்ட் தரையில் வேண்டாம், சிந்தினால் வழுக்கும். புல்தரையில் செய்யுங்கள்.