பூச்சிமருந்து விஷமேறியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்

கந்தப்பளை வாசகி:

என் சின்னம்மாவின் மகன் குத்தகைக் காணியில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிறான். பூச்சிமருந்து அடிக்கப் போன அன்று முதுகில் இருந்த டேங்க் ஒழுகியிருக்கிறது. நம் ஊர்க் குளிருக்குச் சுவெட்டர் போடாமல் யார் வேலைக்குப் போகிறோம்? அது முழுக்க மருந்தில் ஊறி, மதியம்வரை அவன் உடம்போடு ஒட்டியே கிடந்தது. சாப்பாட்டுக்கு வந்தவனுக்கு அந்தக் குளிரிலும் வியர்வை கொட்டியது. எச்சில் நிற்கவில்லை. கண்ணீர், வாந்தி, வயிற்றோட்டம். "வெறியில் வந்திருக்கிறான்" என்று லயத்தில் சிலர் சொன்னது எனக்கு இன்றும் ஆத்திரம். ஒரு சொட்டும் தொடாத பிள்ளை அவன்.

அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைத்தோம். அம்புலன்ஸில் வந்தவர் டோர்ச் அடித்துக் கண்ணைப் பார்த்ததுமே, "மருந்தடித்தாரா?" என்று கேட்டார். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. உடுப்பையெல்லாம் கழற்றி, சவர்க்காரம் போட்டு உடம்பைக் கழுவினார்கள். ஆஸ்பத்திரியில் அத்ரோபின் என்ற முறிப்பு மருந்தை ஏற்ற ஏற்ற நெஞ்சிரைப்பு அடங்கியது. மறுநாள் தேநீர் குடித்தான், பேசினான், வீட்டுக்குப் போகலாம் என்றான். சின்னம்மா துணிகளைக்கூட மடித்து வைத்துவிட்டார். டாக்டர் விடவில்லை. அதற்கடுத்த நாள் விடியற்காலையில் அவனால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. மூச்சும் மேலோட்டமாகிக்கொண்டே போனது. சுவாசக் கருவி பொருத்தித்தான் காப்பாற்றினார்கள். லயத்தில் இருந்திருந்தால் அவனை அடக்கம் செய்திருப்போம்.

ஓய்வுபெற்ற தாதி, பேராதனை:

தங்கை எழுதியதை மரக்கறித் தோட்டம் செய்கிற ஒவ்வொரு வீட்டிலும் படித்துக் காட்ட வேண்டும். நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிகளுக்கும் செய்தி கொண்டுபோவது அசிட்டைல்கோலின். வேலை முடிந்ததும் ஒரு நொதியம் அதைச் சிதைத்துவிடும். ஓர்கனோபொஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியத்தை முடக்கிவிடுவதால் அசிட்டைல்கோலின் தேங்கி, எச்சிலும் வியர்வையும் சளியும் பெருகுகின்றன. அத்ரோபின் சளியை வற்றச் செய்யும், இதயத்துடிப்பைத் தூக்கிவிடும். ஆனால் தசைத் தளர்ச்சிக்கு அது மருந்தல்ல. சளி வற்றி நோயாளி பேசத் தொடங்கியதும் ஆபத்து நீங்கியது என்று சொந்தக்காரர்கள் நம்பிவிடுகிறார்கள்.

முதல் 4 நாட்களுக்குள் கழுத்து, தோள், மூச்சுத் தசைகள் சோர்ந்துபோகலாம். இந்த இடைநிலைத் தாக்கத்தை 1987இல் மருத்துவ உலகுக்கு விவரித்தவர்கள் நம் நாட்டு மருத்துவர்களான நிமால் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும். படுத்தபடியே தலையைத் தூக்கச் சொல்வோம். முடியாவிட்டால் மூச்சும் தளரப்போகிறது என்று வார்டே பரபரப்பாகிவிடும். சில வகைப் பூச்சிமருந்துகள் 2, 3 வாரம் கழித்துக் கால் நரம்பையும் தாக்கும். பாதம் மரத்தாலோ நடை தளர்ந்தாலோ கிளினிக்குக்குத் திரும்பி வாருங்கள்.

வெலிமடை வாசகர்:

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போத்தலையோ லேபலையோ கொண்டுபோங்கள். என் மாமா சில்லறையாகச் சோடாப் போத்தலில் வாங்கிவந்த மருந்து என்னவென்று டாக்டர் கேட்டபோது, வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1984இல் பராத்தியன், 1995க்குள் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ், 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெத்தோயேட், பென்தியன் என்று மிகக் கொடிய மருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. மனமுடைந்த ஒரு கணத்தில் தவறான முடிவெடுத்த பலர் பிழைத்ததற்கு அந்தத் தடைகள் பெரிய காரணம். எங்கள் குடும்பத்திலும் அப்படி மீண்டவர் ஒருவர், இன்று பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிகிறார். ஒற்றைக் காம்பரா வீட்டுக்குள் மருந்தை வைக்காதீர்கள். காணிக் கொட்டிலில் பூட்டி வையுங்கள், சாவியும் ஒருவரிடமே இருக்கட்டும். வீட்டில் யாராவது ஒடுங்கிப்போய் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள்.

கந்தப்பளை வாசகி:

அக்காவுக்கும் அண்ணாவுக்கும் நன்றி. தம்பியின் கால்கள் நன்றாக இருக்கின்றன. நொதியம் பழைய அளவுக்கு வர வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகும், அதுவரை டேங்கைத் தொடக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். காணிக்காரர் அவசரப்படுத்துகிறார், நாங்கள் அனுப்பவில்லை. பெண்களுக்கு ஒரு வார்த்தை: மருந்தடித்த உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள், வெறுங்கையால் கசக்கவும் வேண்டாம்.