எலும்பைக் கரைக்கும் செல்களை மாத்திரையால் அடக்கினால் முறிந்த எலும்பு எப்படிக் கூடும்?

ஈரோட்டு_மகள்:
அம்மாவுக்கு 67 வயது. வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறோம். எலும்பு அடர்த்தி குறைவு என்று வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரையும் எழுதிக்கொடுத்தார் டாக்டர். அது எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை அடக்கும் மருந்தாம். ஆனால் முறிவு சரியாக அதே செல்கள் வேண்டும் என்றும் படித்தேன். கட்டுப் பிரிக்கும் வரை மாத்திரையைத் தள்ளிப்போடலாமா?

ஆர்த்தோ_மாணவன்:
நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும், அப்புறம் குருத்தெலும்பு வளர்ந்து, அதில் கால்சியம் ஏறி, பற்றவைத்த இடம் மாதிரிப் புடைத்த ஓர் எலும்பு உருவாகும். கை சேர்வது இந்தக் கட்டத்தில்தான், இதில் பெரும்பங்கு எலும்பு கட்டும் செல்களுக்கு. அந்தப் புடைப்பைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் ஆஸ்டியோகிளாஸ்ட்டின் முக்கிய வேலை. எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு, அமிலம் சுரந்து தாதுவைக் கரைக்கும், கதெப்சின் கே என்ற நொதியால் எலும்பின் புரத நாரான கொலாஜனை வெட்டும். ஒரு குழி தோண்ட இரண்டு மூன்று வாரம் என்றால், அதைப் புது எலும்பால் நிரப்ப மூன்று நான்கு மாதம் ஆகும். மருந்து இதை மெதுவாக்கும், அடியோடு நிறுத்தாது. இடுப்பு முறிவுக்கு அறுவை செய்து 90 நாளுக்குள் இதே வகையைச் சேர்ந்த சோலெட்ரோனிக் அமிலம் போட்டவர்களைப் பற்றிய ஆய்வு 2007இல் வந்தது. முறிந்த எலும்பு கூடுவது தாமதமாகவில்லை, புது முறிவுகளும் குறைந்தன.

வெள்ளலூரான்:
மேலே சொன்னது சரி. ஆனால் இந்தச் செல்லை வில்லனாகப் பார்ப்பதுதான் எனக்கு வருத்தம். வளரும் குழந்தையின் தொடை எலும்பு வெளியே தடிக்கும்போது உள்ளே கரைந்தால்தான் மஜ்ஜைக்கு இடம் கிடைக்கும். பல் முளைப்பதற்குக்கூடத் தாடை எலும்பு வழிவிட வேண்டும். ஆஸ்டியோபெட்ரோசிஸ் என்று ஒரு பிறவி நோய் உண்டு, 1904இல் ஆல்பெர்ஸ்-ஷோன்பெர்க் என்ற ஜெர்மன் டாக்டர் விவரித்தார். இந்தச் செல்கள் வேலை செய்யாததால் எக்ஸ்ரேயில் எலும்பு முழுக்க வெள்ளையாகக் கெட்டித்திருக்கும், ஆனாலும் சுலபமாக முறியும். கடுமையான வகையில் மஜ்ஜைக்கு இடமில்லாமல் ரத்தசோகை வரும், மண்டையோட்டில் நரம்பு போகும் துளை குறுகிப் பார்வையே போகும். ஆஸ்டியோகிளாஸ்ட் ரத்த மூலச் செல்லிலிருந்து வருவதால், மஜ்ஜை மாற்று சிகிச்சையில் பல குழந்தைகளைக் காப்பாற்ற முடிகிறது.

நர்ஸ்_அக்கா:
தங்கச்சி, மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு கொடுங்கள், அரை மணி நேரம் அம்மா படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகிவிடும். பல் பிடுங்குவதாக இருந்தால் பல் டாக்டரிடம் இந்த மருந்தைச் சொல்லிவிடுங்கள். தொடையில் புதிதாக வலி வந்தால் உடனே காட்டுங்கள். பின்னாளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசிக்கு மாற்றினால் தேதியைத் தவறவிடாதீர்கள். அதை நிறுத்தினால் அடங்கியிருந்த செல்கள் மொத்தமாகக் கிளம்பி முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு, வேறு மருந்து தொடங்காமல் அதை விடவே கூடாது.