போட்டிச் சட்டம்: முதலில் ஆணையமா, லா ஃபர்மா?

பாரிமுனை ஜூனியர்:

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். கம்பெனி வழக்குகள், கொஞ்சம் ஆர்பிட்ரேஷன். போட்டிச் சட்டம் (கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைப்பது, சந்தையில் தங்கள் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவது போன்றவற்றைத் தடுக்கிற சட்டம்) பக்கமே போய்விடலாம் என்று ஓர் ஆசை. டெல்லியில் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒப்பந்த அடிப்படையில் இளம் வக்கீல்களை எடுக்கிறார்கள். ஒரு லா ஃபர்மின் போட்டிச் சட்டக் குழுவிலும் இடம் இருக்கிறது, சம்பளத்தில் ஆணையம் அதன் கிட்டேகூட வராது. வீட்டில் "கவர்மென்ட் ஆபீஸா, சரி போ" என்றார்கள். ஒப்பந்த வேலை என்றதும் முகம் மாறிவிட்டது. இரண்டு பக்கமும் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அங்கே கற்றது இங்கே உண்மையிலேயே உதவுமா, இல்லை பயோடேட்டாவில் ஒரு வரிதானா?

கணக்குப்பிள்ளை:

நான் வக்கீல் இல்லை, இந்த வழக்குகளுக்குப் பொருளாதார அறிக்கை எழுதுகிறவன். எங்கே போனாலும் போங்கள், ஆனால் எண்களைப் பார்த்து ஓடாதீர்கள். ‘இந்தக் கம்பெனியின் சந்தை எது’ என்ற கேள்வியிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும். அதை எங்களிடம் தள்ளிவிட்டு, வாதத்தன்று காலையில் அறிக்கையைப் புரட்டுகிற வக்கீல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய ஃபைல்:

இரண்டு பக்கமும் இருந்தவள். ஆணையத்தில் சில வருடம், அப்புறம் லா ஃபர்ம், இப்போதும் அங்கேதான்.

வெளியே இருப்பவர்களுக்கு ஆணையம் என்றால் கூகுளும் 1,337 கோடி அபராதமும்தான் ஞாபகம் வரும். என் மேஜைக்கு வந்தவை வேறு. டீலர்ஷிப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள், டெண்டர் நிபந்தனையை ஒருத்தருக்காகவே எழுதியிருக்கிறார்கள், பில்டர் ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமாக இருக்கிறது, இப்படித்தான். 2011இல் டிஎல்எஃப் நிறுவனத்துக்கு 630 கோடி அபராதம் விழுந்ததும், வீடு வாங்கி ஏமாந்தவர்கள் எல்லாம் அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஆணையத்துக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்கள் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ஊரில் பத்து பில்டர்கள் இருக்கும்போது அவர்களில் ஒருவரை ‘ஆதிக்க நிலையில் இருப்பவர்’ என்று சொல்ல முடியாது. ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிற 4ஆம் பிரிவு அங்கேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட புகாரை, விசாரணை இல்லாமலே முடிக்கிற 26(2) பிரிவின் கீழ் மூட வேண்டியதுதான்.

அந்த மூடும் குறிப்பை எழுதுவதுதான் எனக்குப் பெரிய பயிற்சியாக இருந்தது. விசாரணைக்கு அனுப்பும் 26(1) குறிப்பு எழுதுவது ஒப்பீட்டில் சுலபம், முதல் நோக்கில் வழக்கு இருக்கிறது என்று காட்டினால் போதும். அப்புறம் ஆணையத்துக்காக விசாரணை நடத்துகிற டிஜி (டைரக்டர் ஜெனரல்) அலுவலகம் பார்த்துக்கொள்ளும். மூடும்போது, புகார் கொடுத்தவருக்கு நிஜமாகவே அநியாயம் நடந்திருக்கலாம், ஆனாலும் அது போட்டிக்கு வந்த கேடு இல்லை என்று மேல்முறையீட்டில் நிற்கிற மாதிரி எழுத வேண்டும். இதை எந்த ஃபர்மும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்காது. ஃபர்மில் புகாரைப் போடுவதற்குத்தான் பணம், கிழிப்பதற்கு இல்லை.

இன்னொன்று, ஆதாரத்தைப் பார்க்கிற கண். எக்செல் கிராப் கேர் வழக்கைப் படியுங்கள். இந்திய உணவுக் கழகம் தானியத்தில் பூச்சி பிடிக்காமல் இருக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு டெண்டர் விடுகிறது. 2009இல் மூன்று கம்பெனிகள் கிலோவுக்கு ஒரே விலை போடுகின்றன, 388 ரூபாய். விலை ஒன்றாக இருப்பது மட்டும் கூட்டுச் சதிக்குச் சாட்சி ஆகிவிடாது என்று எந்த வக்கீலும் வாதாடலாம், வாதாடினார்கள். ஆனால் உணவுக் கழகத்தின் வாசலில் வருகைப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறதே, அதில் மூன்று கம்பெனிகளுக்கும் ஒரே ஆள் பதிவு போட்டிருக்கிறார். செக்யூரிட்டி மேஜையில் கிடக்கிற நோட்டு! அதைப் போய்ப் புரட்ட வேண்டும் என்று விசாரணையில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. அதே போல வேறு வழக்குகளின் டெண்டர் ஃபைல்களில் ஒரே ஐபி முகவரி, அடுத்தடுத்த எண்ணில் டிமாண்ட் டிராஃப்ட், மூன்று கடிதத்திலும் ஒரே எழுத்துப் பிழை. இன்று ஒரு கட்சிக்காரர் "எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை" என்றால் நான் முதலில் கேட்பது டிடி வாங்கிய வங்கிக் கிளை எது என்றுதான்.

அந்த எக்செல் வழக்கிலேயே தனியார் பக்கத்து வேலை என்ன என்பதும் தெரியும். ஆணையம் கம்பெனியின் மொத்த விற்றுவரவில் 9 சதவீதம் என்று கணக்குப் போட்டு, அந்த மூன்றில் ஒன்றான யுனைடெட் பாஸ்பரஸுக்கு 252 கோடி அபராதம் விதித்தது. மாத்திரை விற்ற பணத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்ற வாதம் தீர்ப்பாயத்தில் எடுபட்டு, தொகை 7 கோடிக்கும் கீழே வந்தது. உச்ச நீதிமன்றமும் 2017இல் அதையே உறுதிசெய்தது. பிறகு 2023 திருத்தத்தில் அபராத உச்சவரம்புக்கு உலகளாவிய விற்றுவரவு என்று சட்டத்தையே மாற்றினார்கள். ஒரு வாதத்துக்கு நாடாளுமன்றம் வரை போய்ப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்றால் அந்த வக்கீல்கள் சம்பளத்துக்கு வேலை செய்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஃபர்மில் தினமும் இப்படி இருக்காது. சோறு போடுவது இணைப்பு மனுக்கள், அதாவது ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்க ஆணையத்திடம் அனுமதி கேட்கிற மனுக்கள். யார் யாரை வாங்குகிறார்கள், எந்தப் பொருளில் இருவரும் மோதுகிறார்கள், பங்கு எத்தனை சதவீதம் என்று படிவம் நிரப்புவது. அலுப்பான வேலை, ஆனால் ஒழுங்கான வருமானம். 2024 செப்டம்பரிலிருந்து, இந்தியாவில் கணிசமான தொழில் உள்ள கம்பெனியை 2,000 கோடிக்கு மேல் கொடுத்து வாங்கினாலும் மனு போட வேண்டும் என்று வந்துவிட்டதால் வேலைக்குப் பஞ்சமில்லை.

என்னைக் கேட்டால் முதலில் ஆணையம், பணக் கஷ்டம் இல்லையென்றால். ஃபர்முக்குப் பிறகும் போகலாம், ஆனால் அந்தச் சம்பளம் பழகிவிட்டால் யாரும் கிளம்புவதில்லை.

பாரிமுனை ஜூனியர்:

நன்றி அக்கா. கூட்டுச் சதியை முதலில் போய் ஒப்புக்கொள்கிறவருக்கு அபராதத் தள்ளுபடி என்கிறார்களே, அதில் வக்கீல் செய்ய என்ன இருக்கிறது? போய்ச் சொல்ல வேண்டியதுதானே?

பழைய ஃபைல்:

அதுதான் இந்தத் தொழிலிலேயே தூக்கம் கெடுக்கிற வேலை. முதலில் போகிறவருக்கு 100 சதவீதம் வரை, இரண்டாமவருக்கு 50 வரை, மூன்றாமவருக்கு 30 வரை குறைப்பு. 2021இல் வந்த பீர் வழக்கு உத்தரவைப் பாருங்கள். முதலில் போன ஏபி இன்பெவுக்கு முழுத் தள்ளுபடி. பின்னால் போன யுனைடெட் புரூவரீஸுக்கு 40 சதவீதம் கழித்த பிறகும் 750 கோடிக்கு மேல்.

கட்சிக்காரர் சாயங்காலம் வந்து ஒரு வாட்ஸ்அப் குழுவைக் காட்டுவார். இது குற்றமா, வெறும் அரட்டையா என்று அன்று ராத்திரியே சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டு கொடுத்த ஆதாரத்தைத் திரும்ப வாங்க முடியாது. காலை வரை யோசித்தால் வேறு யாராவது வரிசையில் நின்றுவிடலாம். எந்த அளவு ஆதாரத்தை ஆணையம் பொருட்படுத்தும், எதை ஓரமாக வைக்கும் என்று உள்ளே இருந்து பார்த்திருந்தால் கை கொஞ்சம் குறைவாக நடுங்கும். உங்கள் ‘பயோடேட்டாவில் ஒரு வரி’ கேள்விக்கு இதுதான் என் பதில்.

நீங்கள் ஆணையத்தில் தொட்ட ஃபைலை வெளியே வந்த பிறகு தொடக் கூடாது. பெரிய தொகையோடு வருவார்கள், அப்போதும் கூடாது. தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் சட்டமே இரண்டு வருடத் தடை போட்டிருக்கிறது. நம் மாதிரி கீழே இருந்தவர்களை டெல்லியின் சின்ன வட்டமே கவனித்துக்கொண்டிருக்கும்.

ஹைகோர்ட் வராண்டா:

அக்கா சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். முழுநேரச் சம்பள வேலை என்றால் பார் கவுன்சிலில் பதிவை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். கோர்ட்டில் நின்று பேசக் கற்றுக்கொண்டிருக்கிற வயதில் அது சின்ன விஷயமில்லை. திரும்பி வரும்போது நன்றாகக் குறிப்பு எழுதுவார்கள், நீதிபதி குறுக்கே கேள்வி கேட்டால் தடுமாறுவார்கள். இங்கேயே இருந்து ரிட் மனுக்களில் கை தேறிய பிறகு கோர்ட்டில் ஆணையத்துக்காக வாதாடுகிற வக்கீல் பட்டியலில் சேரப் பாருங்கள். அதுவும் அரசுத் தரப்பு அனுபவம்தான், பதிவையும் விட வேண்டாம். அரசு எஃகு நிறுவனமான செயில் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு 26(1) உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு இல்லை என்பதால் எல்லாரும் உயர் நீதிமன்றத்துக்குத்தான் ஓடி வருகிறார்கள்.

பழைய ஃபைல்:

வராண்டா சொல்கிற அந்த நஷ்டம் உண்மை. எனக்கு இன்றும் வாய்மொழி வாதம் எழுத்தளவுக்கு வராது, பெரிய வழக்கில் சீனியர் கவுன்சிலை வைத்துத்தான் ஓட்டுகிறேன். ஆனால் பட்டியல் வக்கீலுக்கு ஆணையம் முடிவு எடுத்த பிறகுதான் ஃபைல் வரும். எப்படி எடுத்தார்கள் என்பது தெரியாது. நிற்பதுதான் பிடிக்கும் என்றால் வராண்டா வழி, ஃபைலைக் குடைவது பிடிக்கும் என்றால் என் வழி.

பாரிமுனை ஜூனியர்:

குடைவதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஆணையத்தின் நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறேன். சட்டப் புத்தகத்தைத் தவிர என்ன படிக்கலாம்?

பழைய ஃபைல்:

ஆணையத்தின் இணையதளத்தில் 26(2) உத்தரவுகள் குவிந்து கிடக்கின்றன. தினம் ஒன்றை எடுத்து, புகார் பகுதியை மட்டும் படித்து நிறுத்துங்கள். மூடலாமா, அனுப்பலாமா என்று ஒரு பக்கம் நீங்களே எழுதிவிட்டு அப்புறம் மீதியைப் படியுங்கள். ஆணையத்தோடு ஒத்துப்போகாத பக்கங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றில் ஒன்றைப் பற்றி நேர்முகத்தில் பேசினால் என்னைப் போன்றவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவோம்.